‘கிளம்பலாம்’ என்று யார் சொல்வது?

திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் வாழைத்தாரைச் சுமந்தபடி ஏறுபவர்களைப் பார்த்திருப்போம். வீட்டுப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று தாயுமானவருக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல் அது. கதை திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரத்னாவதி நிறைமாதக்காரி. அவளுக்குப் பிரசவம் பார்க்கப் புறப்பட்டு வந்த தாய், காவிரியில் வெள்ளம் கரைபுரண்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. சிவபெருமானே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்ற தாய் வந்து சேர்ந்தபோது, வீட்டுக்குள் இன்னொரு தாய் இருந்தாள். செவ்வந்திநாதர் என்ற பெயருடைய மலைக்கோட்டைச் சிவன் தாயுமானவர் ஆன கதை இதுதான்.

இந்தக் கதையில் தாய்க்கு மனம் இருந்தது. போகவேண்டும் என்ற முடிவை எடுத்தாள், எடுத்தவுடன் கிளம்பியும் விட்டாள். அவளைத் தடுத்தது ஆறு ஒன்றுதான்.

இன்று ஆறு தடையில்லை. 1976-இல் கட்டிய காவிரிப் பாலத்தின் வழியே ஸ்ரீரங்கத்திலிருந்து சில நிமிடங்களில் நகருக்குள் வந்துவிடலாம். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இரவும் பகலும் திறந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்திலேயே அரசு மருத்துவமனை உண்டு. லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை என்று நாலா பக்கமும் உண்டு. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் காசு வாங்காமல் வீட்டு வாசலுக்கு வருகிறது. இவ்வளவுக்குப் பிறகும் சில தாய்மார்கள் நேரம் கடந்து வருகிறார்கள், சில பச்சிளங்குழந்தைகள் உடம்பு சில்லிட்ட பிறகு கொண்டுவரப்படுகின்றன. ஆற்றைத் தாண்டிவிட்டோம். வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில்தான் இன்னும் சிக்கல் இருக்கிறது.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் பெண்கள் எதனால் இறக்கிறார்கள் என்பது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, கிருமித் தொற்று ஆகியவை முக்கியமான காரணங்கள். இவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. சிகிச்சை இருந்தும் ஏன் இறக்கிறார்கள் என்பதைத்தான் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 1994-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை மூன்று தாமதங்களைச் சுட்டிக்காட்டியது. மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். வண்டி பிடித்து, வழி கடந்து போய்ச் சேருவதில் ஏற்படுவது இரண்டாவது. போய்ச் சேர்ந்த இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது.

இந்த மூன்றில் பின்னிரண்டையும் தமிழ்நாடு பெருமளவு குறைத்திருக்கிறது. 2018–20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். 2020-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. வீடு வீடாக ஏறி இறங்கும் கிராம சுகாதார செவிலியர்கள், இரவிலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் எடுத்துவைத்து எங்கே தவறினோம் என்று கேட்கும் தணிக்கை ஆகியவை சேர்ந்து சாதித்தது இது.

இரண்டாவது தாமதமும் மூன்றாவது தாமதமும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. பச்சமலையின் மேலிருக்கும் குக்கிராமத்துக்காரர்களுக்குத் துறையூர் வந்து சேருவது இன்றும் ஒரு பயணம்தான். ஒரு மருத்துவமனை இன்னொன்றுக்கு அனுப்ப, அது மற்றொன்றுக்கு அனுப்ப, வழியிலேயே நேரம் கரைவதும் நடக்கிறது. அவற்றைச் சரிசெய்ய வேண்டியது அரசு. முதல் தாமதம் மட்டும் அரசாணை நுழைய முடியாத இடத்தில், நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிரசவம் மருத்துவமனையில் நடப்பது வேறு, மருத்துவமனைக்கு உரிய நேரத்தில் வருவது வேறு. 99.6 என்ற எண் முதலாவதைச் சொல்கிறது. இரண்டாவதைப் பற்றி அதில் ஒரு சேதியும் இல்லை.

இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டில்

தொட்டியம் பக்கம் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. எட்டு மாதம் முடிந்த மருமகள் எழுந்து உட்காருகிறாள். “அத்தை, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கண்ணு மங்கலா இருக்கு” என்கிறாள். “தூக்கம் கெட்டதால இருக்கும்மா. சூட்டுக்கும் இப்படி வரும். சீரகத் தண்ணி வச்சுத் தர்றேன், குடிச்சிட்டுப் படு” என்கிறார் மாமியார். கணவன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். “விடியட்டும். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போகலாம்” என்கிறார் மாமனார்.

இந்த வீட்டில் கெட்டவர் என்று யாரும் இல்லை. மாமியார் மூன்று பெற்றவர். அவருக்கும் தலைவலி வந்தது, சீரகத் தண்ணீரில் தீர்ந்தது. தன் அனுபவத்தைத்தான் அன்போடு கொடுக்கிறார். மாமனார் மகனை மதித்துப் பேசுகிறார். ஆனால் கர்ப்பத்தின் பின்பகுதியில் கடுமையான தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அது ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். முகமும் கைகளும் வீங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அடுத்தபடி வலிப்பு. விடியும்வரை அது காத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று அந்த வீட்டில் முதலில் அறிந்தவள் அந்தப் பெண். “கிளம்பலாம்” என்று சொல்லும் இடத்தில் இல்லாதவளும் அவள்தான். முதல் தாமதம் என்று ஆய்வாளர்கள் எழுதியது இதைத்தான்.

இப்படிக் கழியும் நேரத்துக்கு விலை என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் ரத்தப்போக்கு ஓரிரு மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடக் கூடியது. ரத்தசோகை உள்ள உடம்பு அதைவிடக் குறைந்த இழப்பையே தாங்காது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கைக்கு வருகிறது. “மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்”, “பிள்ளை பெருத்துவிடும், ஆபரேஷன் ஆகிவிடும்” என்ற பேச்சில் அது அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. மாத்திரையை விழுங்குவதா வேண்டாமா என்பதும் வீட்டில் எடுக்கப்படும் முடிவுதான். அதை எடுப்பவர் எப்போதும் விழுங்க வேண்டியவராக இருப்பதில்லை.

கணக்கெடுப்பு சொல்வதும் சொல்லாததும்

‘நம் பெண்கள் எல்லா முடிவிலும் பங்கெடுக்கிறார்கள், ஆய்வே சொல்கிறது’ என்று ஒரு வாதம் உண்டு. அந்த ஆய்வு என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். தேசிய குடும்பநல ஆய்வில் மணமான பெண்களிடம் மூன்று முடிவுகளைப் பற்றிக் கேட்கிறார்கள். உங்கள் உடல்நலத்துக்கான சிகிச்சை, வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்குவது, உங்கள் பிறந்த வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்வருவது. இவற்றை வழக்கமாக யார் தீர்மானிக்கிறார்கள் என்பது கேள்வி. ‘நான்’ என்றாலும், ‘நானும் கணவரும் சேர்ந்து’ என்றாலும் அந்தப் பெண் பங்கெடுப்பவராகக் கணக்கில் வருவார்.

2019–21 ஆய்வின் சுருக்க அட்டவணையில் இந்திய அளவில் 88.7 சதவீதம் என்ற எண் இருக்கிறது. மூன்று முடிவுகளில் குறைந்தது ஒன்றிலாவது பங்கெடுப்பவர்களின் எண்ணிக்கை அது. மூன்றிலும் பங்கெடுப்பவர்கள் 71 சதவீதம். இரண்டு எண்ணுக்கும் நடுவில் நிற்கும் பெண்கள், நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல். குக்கர் வாங்குவதில் அவளைக் கலந்துகொள்ளும் வீடு, ஸ்கேன் எடுப்பதில் கலந்துகொள்ளாமல் இருக்கலாம். அட்டவணையில் அவளும் ‘பங்கெடுப்பவள்’தான்.

‘சேர்ந்து’ என்ற சொல்லையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதும் சேர்ந்துதான். கணவன் சொல்ல, மனைவி ‘சரி’ என்று தலையாட்டுவதும் சேர்ந்துதான். மேலும் அந்தக் கேள்வி கணவன் மனைவியை மையமாக வைத்தது. நம் வீடுகளில் பிரசவத்தைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் மாமியாரும் தாயும்தான்.

தலைப்பிரசவத்தின் பொறுப்பு

தமிழ் வழக்கத்தில் இதற்கு இன்னொரு பரிமாணம் இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடத்தி, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. முதல் பிள்ளை பெறும் பயத்தில் இருப்பவளுக்கு அம்மாவின் அருகாமை பெரிய பலம். தாயுமானவர் கதையின் உயிரும் அந்த ஏக்கத்தில்தான் இருக்கிறது.

இந்த நல்ல வழக்கத்தோடு ஒரு சிக்கலும் கூடவே வருகிறது. அதுவரை பார்த்த செவிலியர் ஒருவர், இனிப் பார்ப்பவர் வேறொருவர். அதுவரை முடிவெடுத்தது மாமியார், இனித் தாய். செலவு பெண் வீட்டுடையது, மருத்துவமனை எது என்று சொல்வது சில இடங்களில் மாப்பிள்ளை வீடு. “எங்க வீட்டுப் பிள்ளையை ஜி.எச்.சிலயா பெத்துக்கணும்?” என்ற ஒரு கேள்வியில் பெண்ணின் தகப்பனார் கடன் வாங்கக் கிளம்பிவிடுவார். இந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் சம்பந்திகளுக்கு நடுவில் நடக்கிறது. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு வீட்டுக்கு மனவருத்தம். ஆகவே அவள் பேசாமல் இருக்கிறாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று இரண்டு வீடும் எடுத்துக்கொள்கின்றன.

இதில் அவளுக்குத் துணையாக இருப்பது கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் கிடைக்கும் ஆர்.சி.எச். எண். தாய் சேய் நல அட்டையில் அதை எழுதித் தருவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த எண்ணும் அட்டையும் அவள் கையில் இருந்தால், புது இடத்துச் செவிலியருக்கு அவளுடைய ரத்த அளவும் அழுத்தமும் முந்தைய பரிசோதனைகளும் தெரிந்துவிடும். அட்டை மாமியார் பீரோவில் பூட்டிக் கிடந்தால் தெரியாது.

கையெழுத்து யாருடையது?

சிகிச்சைக்குக் கணவனோ மாமனாரோ கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வயது வந்த, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதம்தான் சம்மதம். ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவளுடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்ட வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் தாயின் ஒப்புதல் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும், 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. சட்டத்தில் இல்லாத நிபந்தனையாகக் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது.

குடும்பத்தார் உடனிருப்பது நல்லது. அவர்களிடம் மருத்துவர் விளக்குவதும் நல்லது. முதலில் விளக்க வேண்டியது அந்தப் பெண்ணிடம். “வீட்டுக்காரர் வரட்டும்” என்று காத்திருப்பது சட்டத்துக்காக இல்லை, பழக்கத்துக்காக.

இதே பழக்கம் குடும்பக் கட்டுப்பாட்டிலும் தெரிகிறது. 2019–21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மணமான பெண்கள் 57.8 சதவீதம். ஆண்கள் செய்துகொண்டதைக் காட்டும் எண் 0.1 சதவீதம். ஆணுக்கான அறுவைச் சிகிச்சை எளிது, ஆபத்து குறைவு. ஆனாலும் முடிவு எப்போதும் பெண்ணின் வயிற்றில் வந்து விழுகிறது.

பிள்ளை பிறந்த பிறகு

முதல் தாமதம் குழந்தைக்கும் உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்பதை அறியாதவர் இன்று குறைவு. ஆனாலும் அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் அப்படிப் பால் குடித்த குழந்தைகள் 60.2 சதவீதம்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 55.1 சதவீதம். இதில் இந்தியச் சராசரியே நம்மைவிட மேல், 63.7. மருத்துவமனைகள் நிறைந்த மாநிலத்தில் ஏன் இப்படி?

ஒரு காரணம் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கிறது. இங்கே 44.9 சதவீதக் குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தாயும் பிள்ளையும் பிரிந்திருக்கும் நேரத்தில் முதல் பால் தள்ளிப்போகிறது.

இன்னொரு காரணம் வீட்டில். சேனை தொட்டு வைப்பது நம் பழைய வழக்கம். குடும்பத்தில் குணமும் ஆயுளும் உள்ள ஒருவர் தேனையோ சீனித் தண்ணீரையோ குழந்தையின் நாவில் வைத்தால் அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்ற ஆசை அதில் இருக்கிறது. ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடும் நஞ்சாகலாம். சீம்பால்தான் அந்தப் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. அதேபோல, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுப்பதும் நுரையீரலுக்கே ஆபத்து. “டாக்டரம்மா வேண்டாம்னாங்க அத்தை” என்று சொல்ல அந்தப் பச்சை உடம்புக்காரிக்குத் தைரியம் வேண்டும். சொன்னால் கேட்கும் காது வீட்டில் இருக்க வேண்டும்.

பாட்டிமார்களின் அறிவைத் தள்ளிவிட வேண்டும் என்பது இதன் பொருளில்லை. பிள்ளையைச் சூட்டோடு அணைத்து வைத்திருப்பது, பெற்றவளை நாற்பது நாள் ஓய்வில் வைப்பது, வேளாவேளைக்குச் சமைத்துப் போடுவது ஆகிய மூன்றையும் மருத்துவம் அப்படியே ஒப்புக்கொள்கிறது. பாட்டியிடம் இருக்கும் அக்கறைக்கு இன்றைய அறிவைச் சேர்த்துக் கொடுத்தால், அவரைவிட நல்ல செவிலியர் அந்த வீட்டுக்குக் கிடைக்க மாட்டார்.

கையில் காசும் காலில் வழியும்

முடிவெடுக்கும் உரிமை என்பது பெரிய சொல்லாகத் தெரியலாம். நடைமுறையில் அதற்கு நான்கு சிறிய விஷயங்கள் போதும். எது ஆபத்து என்று தெரிந்திருப்பது, கையில் கொஞ்சம் பணம் இருப்பது, தனியாகவாவது போய்வர வழியிருப்பது, சொன்னால் கேட்க ஒருவர் இருப்பது.

பணத்துக்கும் வழிக்கும் தமிழ்நாடு ஏதோ செய்திருக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ளது. அதில் 14,000 பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். பணம் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே ஏறுகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியது. பரிசோதனைக்குப் போக அந்தநல்லூரிலிருந்தோ மண்ணச்சநல்லூரிலிருந்தோ கிளம்பும் ஒரு பெண், இன்று யாரிடமும் பஸ் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை. சின்ன விஷயம்போலத் தெரியும். கேட்டு நின்று பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அறிவுக்கும் கேட்கும் காதுக்கும் என்ன வழி? ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் ‘ஏக்ஜுட்’ என்ற அமைப்பு மாதந்தோறும் பெண்களைக் கூட்டிப் பேசவைத்தது. பிரசவத்தில் நம் ஊரில் என்ன ஆபத்து வருகிறது, அதற்கு நாமே என்ன செய்யலாம் என்று படங்களையும் கதைகளையும் வைத்துப் பேசினார்கள். 2010-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. கூட்டம் நடந்த ஊர்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள், நடக்காத ஊர்களைவிட 32 சதவீதம் குறைவு. அந்தக் கூட்டங்களில் மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. பெண்கள் சேர்ந்து பேசினார்கள், சேர்ந்து பேசியதை வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. வாரத் தவணையும் கடனும் பேசும் அந்தக் கூட்டத்தில் மாதம் ஒருநாள் அரை மணி நேரம் பிரசவத்துக்கும் பிள்ளைக்கும் ஒதுக்க முடியும். கிராம சுகாதார செவிலியரை அழைத்து உட்கார வைக்க முடியும். மருமகள்களோடு மாமியார்களும் அதில் இருக்க வேண்டும். குழுவில் பத்துப் பேர் அறிந்த விஷயத்தை ஒருத்தி வீட்டில் சொன்னால், அது அவளுடைய தனிப்பேச்சாக இருக்காது.

இனி வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வளைகாப்பில் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கட்டுச்சாதம் பரிமாறிய பிறகு, இரண்டு சம்பந்திகளும் அந்தப் பெண்ணை நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசுங்கள். எந்த மருத்துவமனை, யார் துணைக்கு, 108 தாமதமானால் எந்த வண்டி, ரத்தம் தேவைப்பட்டால் யார் என்று அவளையே சொல்லவிட்டுக் கேளுங்கள். தலைவலியோடு பார்வை மங்கினாலும், ரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலும், பிறந்த பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு வாங்கினாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

பிறகு ஓர் இரவில் அவள் “கிளம்பலாம்” என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் கிளம்புங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால், நமக்கு நட்டம் ஓர் இரவுத் தூக்கம்தான்.